ஏரி ரோட்டுச் செவலை

எங்கள் வீட்டில் மூன்று குதிரைகள் இருந்தன. அவற்றில் செவலையை மட்டும்தான் எனக்குப் பிடிக்கும். செவலைக்கு என்னைப் பிடிக்காது. அதற்கு யாரையுமே பிடிக்காது.

நாயுடுபுரத்தில் சரிவான ஒரு சந்தின் கடைசி வீடு எங்களுடையது. வீட்டுக்கும் லாயத்துக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்பு மட்டும் இருந்தது. அத்தா காலையில் மூன்றையும் ஓட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போவார். கோடைச் சீசனுக்கு மலைமேல் ஏறி வரும் மதுரைக்காரர்கள், மெட்ராஸ்காரர்களின் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றி ஏரியைச் சுற்றிக் கூட்டிவருவது அவர் தொழில். கயிற்றைப் பிடித்தபடி கூடவே ஓடுவார். வந்தவர்கள் யாரும் அவர் பெயரைக் கேட்டதில்லை. "ஏ குதிரை, இங்க வாப்பா" என்று கூப்பிடுவார்கள். அத்தாவும் "இந்தா வந்துட்டேங்க" என்று ஓடுவார். ஐம்பதுகளின் கடைசி வருஷங்கள் அவை. எனக்குப் பத்துப் பதினோரு வயது இருக்கும்.

செவலை ஒரு தந்திரம் கற்று வைத்திருந்தது. சேணம் கட்டும்போது மூச்சை இழுத்து வயிற்றை உப்ப வைத்துக்கொள்ளும். வார் இறுகியது போலத் தெரியும். பாதி வழியில் மூச்சை விட்டதும் சேணம் சரிந்து, மேலே இருக்கும் பிள்ளை ரோட்டில் விழும். அதனால் அத்தா தினமும் முழங்காலால் அதன் வயிற்றில் ஓங்கி இடிப்பார். மூச்சு வெளியே வரும் நேரம் பார்த்து வாரை இழுத்துக் கட்டுவார். அது திரும்பிக் கடிக்க வரும். அவர் கடிவாள வாரால் மூக்கில் அடிப்பார். இது ஒவ்வொரு நாளும் நடந்தது. எங்கள் வீட்டில் தேநீர் கொதிப்பதைப் போல அதுவும் ஒரு காலைச் சத்தம். அம்மாவின் தோளில் செவலை கடித்த தழும்பு இருந்தது. இடது காதின் நுனி பிளந்த குதிரை அது. வாங்கும்போதே அப்படித்தான் இருந்ததாம்.

நான் படித்தது ஒரு மிஷன் பள்ளி. எங்கள் வகுப்புக்கு ஒரு வெள்ளைக்கார டீச்சர் வருவார். உயரமானவர், கைகளெல்லாம் பழுப்புப் புள்ளிகள். நாங்கள் 'மிஸ்' என்போம். வாரக் கடைசியில் ஒரு மணி நேரம் எங்களுக்குக் கதை வாசிப்பார். ஆங்கிலப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பத்தியாக மனசுக்குள் படித்துத் தமிழில் சொல்லுவார். வேதப் புத்தகத்தில் படித்த தமிழ். முதலில் சிரிப்பாக இருக்கும். பிறகு கதை இழுத்துக்கொண்டு போய்விடும்.

அந்த வருஷம் அவர் எடுத்துவந்தது ஒரு பிள்ளையும் குதிரையும் வருகிற கதை. தன் நாட்டில் அதைப் படிக்காத குழந்தையே கிடையாது என்றார். தாய் தகப்பன் இல்லாத ஒரு பிள்ளை. யாருக்கும் அடங்காத ஒரு குதிரை. கால் ஊனமானதும் அதைக் கசாப்புக்கு விற்க முடிவு செய்கிறார்கள். பிள்ளை அதை அவிழ்த்துக்கொண்டு பனிமலை தாண்டி ஓடுகிறது. ஓநாய்கள் வருகின்றன, ஆறு வருகிறது, துரத்துகிறவர்கள் வருகிறார்கள். ஒவ்வொரு தடவையும் குதிரைதான் பிள்ளையைக் காப்பாற்றுகிறது.

"அந்தச் சிறுபிள்ளை அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். குதிரையும் அவன் துக்கத்தை அறிந்துகொண்டது" என்று மிஸ் சொன்னபோது அவர் குரலே உடைந்தது. வகுப்பு முழுவதும் அழுதது. எல்லாரையும் விட அதிகமாக நான் அழுதேன்.

அன்று சாயங்காலம் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அது என் தலைமயிரைக் கவ்வி இழுத்தது. ஒரு கொத்து வேரோடு வந்துவிட்டது. நான் கோபப்படவில்லை. கதையிலும் முதலில் அந்தக் குதிரை கடிக்கத்தான் செய்தது. வெல்லம் கொண்டுபோய் நீட்டினேன். வெல்லத்தைத் தின்றுவிட்டு விரலையும் கடித்தது. அதன் காதருகே போய் என்னென்னவோ பேசினேன். அத்தா பார்த்துவிட்டு அம்மாவிடம், "ஒம் மகளுக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு, குதிரைகிட்ட ரகசியம் பேசுது" என்றார்.

கதையின் கடைசி அத்தியாயம் வாசிக்கும் நாளில், எங்கள் குதிரை ஒன்றைப் பள்ளிக்குக் கொண்டுவர முடியுமா என்று மிஸ் என்னிடம் கேட்டார். பிள்ளைகள் எல்லாரும் தொட்டுப் பார்க்க வேண்டுமாம். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அத்தாவுக்கும் பெருமைதான். ஒரு பள்ளிக்கூடம் அவரை வரச் சொல்லிக் கேட்டிருக்கிறது. சீசன் தொடங்கிவிட்ட சமயம், ஒரு காலைப் பொழுது போனால் போனதுதான். அப்படியும் சரி என்றார். மூன்றில் சின்னதைக் கொண்டுபோகலாம், அது சாது என்று அவர் சொன்னார். நான்தான் செவலை வேண்டும் என்றேன்.

பெருநாளுக்குப் போடும் வெள்ளைச் சட்டையை அத்தா போட்டுக்கொண்டார். செவலையைத் தேய்த்துக் குளிப்பாட்டி, முதுகில் பூப்போட்ட கம்பளி ஒன்றைப் போர்த்தினார். பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். நான் கயிற்றைப் பிடித்தபடி அத்தாவுக்குப் பக்கத்தில் நின்றேன். அவ்வளவு உயரமாக நான் அதற்கு முன்பு நின்றதில்லை.

மிஸ் கிட்டே வந்தார். "கம்பளியை எடுத்துவிடலாமே. பிள்ளைகள் அதன் அழகைப் பார்க்கட்டும்" என்றார்.

"இருக்கட்டுங்க மிஸ், குளிருக்கு" என்றார் அத்தா.

அன்று நல்ல வெயில். மிஸ் சிரித்துக்கொண்டே கம்பளியை இழுத்தார். அது லேசில் வரவில்லை, ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்ததும் செவலை உடம்பெல்லாம் உதறியது. முதுகில், சேணம் உட்காரும் இடத்தில், என் உள்ளங்கையை விடப் பெரிய புண். நடுவில் வெள்ளையாகச் சதை தெரிந்தது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் சீழும் சேர்ந்த வாடை முன்வரிசைக்கு வந்தது. ஒரு பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டது. பின்னால் யாரோ சிரித்தார்கள். ஒரு சிறு பெண் அங்கேயே வாந்தி எடுத்தாள்.

எனக்கு அந்தப் புண் தெரியும். தினமும் அதற்கு மருந்து பூசுவதே நான்தான். அது அவ்வளவு பெரிய அசிங்கம் என்று மட்டும் அதுவரை எனக்குத் தெரியாது.

மிஸ் அழுதார். நிஜமாகவே அழுதார். செவலையின் கழுத்தைத் தடவினார். அது அவர் தோளைக் கடித்தது. அவர் கையை எடுக்கவே இல்லை. "பாவம், அதற்கு வலிக்கிறது" என்றார். பிறகு அத்தாவைப் பார்த்துத் திரும்பினார்.

"நீர் ஒரு கொடிய மனிதன்."

அத்தனை பிள்ளைகளும் கேட்டார்கள். அத்தா கம்பளியை மடித்துக்கொண்டே சொன்னார், "சீசன் ரெண்டு மாசந்தாங்க மிஸ். இப்ப ஆறப் போட்டா மழைக்காலத்துல இதுவும் திங்காது, நாங்களும் திங்க முடியாது."

"ஒரு வாயில்லாத ஜீவன் மேல் பழி போடாதேயும். உமக்கு வெட்கமில்லையா?"

அத்தா குதிரையைத் திருப்பினார். நான் அவரோடு போவதா, வகுப்புக்குப் போவதா என்று தெரியாமல் நின்றேன். மிஸ் என் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். அன்று கடைசி அத்தியாயம் வாசித்தார். குதிரையும் பிள்ளையும் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என்னிடமிருந்து தள்ளி உட்கார்ந்தாள்.

அத்தா அன்றைக்கு என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. செவலையையும் அடிக்கவில்லை. வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மற்ற இரண்டையும் ஓட்டிக்கொண்டு ஏரிக்குப் போனார்.

சில நாள் கழித்துக் கால்நடை டாக்டர் வந்தார். பள்ளியிலிருந்து புகார் போயிருந்தது. அவர் மோசமான ஆள் இல்லை. லாயத்து வாசலிலேயே நின்று, "மிஷன்லேருந்து ஆள் மேல ஆள் வருது, நான் என்னய்யா பண்றது? புண்ணு ஆறுற வரைக்கும் இது ஏரி ரோட்டுல நிக்கக் கூடாது. நின்னா மூணையும் புடிச்சு அடைச்சிருவாங்க" என்றார்.

அந்தப் புண் ஆறச் சீசன் முழுவதும் போதாது. செவலை லாயத்தில் நின்றது. அதன் சவாரிகளையும் மற்ற இரண்டும் சேர்த்துச் சுமந்தன. சின்னது நுரை தள்ளிக்கொண்டு திரும்பி வரும். அதன் முதுகிலும் தோல் உரியத் தொடங்கியது. அத்தா அதற்குக் கம்பளியை இரண்டாக மடித்துப் போட்டார். சாயங்காலம் கொள்ளு வைக்கும்போது செவலையின் வாளிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார். "சும்மா நின்னு திங்குது பாரு, ராசா கணக்கா" என்பார். ஒரு நாள் வாளியில் பாதிதான் போட்டார். அடுத்த வாரம் அதிலும் பாதி.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் பெரும்பாறைப் பக்கத்து வியாபாரி ஒருவர் வருவார். மிளகும் ஆரஞ்சும் காப்பிக்கொட்டையும் பொதிக் குதிரைகளில் ஏற்றித் தோட்டங்களிலிருந்து ரோட்டுக்குக் கொண்டுவருகிறவர். அவருக்குச் சொல்லி அனுப்பியிருப்பதாக அத்தா அம்மாவிடம் சொன்னதைக் கேட்டேன். மறுநாள் காலை மிஸ் தங்கியிருந்த வீட்டுக்கு ஓடினேன். அவர் தோட்டத்தில் ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மிஸ், அத்தா செவலைய விக்கப் போறாரு. பொதி சுமக்க. நீங்க சொன்னா விக்க மாட்டாரு. ரோட்டுக்கு விடலாம்னு நீங்க சொல்லுங்க மிஸ்."

மிஸ் வாளியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைத் துடைத்துவிட்டார். "விற்கட்டும் மகளே. உன் தகப்பனைவிடக் கொடிய எஜமான் அதற்குக் கிடைக்கப் போவதில்லை" என்றார். ஒரு பிஸ்கட் கொடுத்தார். "உன் தகப்பனுக்காக நீ ஜெபம்பண்ணு."

பிஸ்கட்டைத் தின்றுகொண்டே வீட்டுக்கு வந்தேன். வழியிலேயே தீர்மானித்துவிட்டேன். கதையில் அந்தப் பிள்ளை செய்ததை நானும் செய்வது என்று. என் சின்னம்மா வீடும் பெரும்பாறையில்தான் இருந்தது. சின்னம்மாவின் வீட்டுக்காரர் அங்கே ஒரு தோட்டத்தில் கங்காணி. அவர்களிடம் கொண்டுபோய் விட்டுவிட்டால் அத்தாவால் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்தேன். அது எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியாது. பஸ்ஸில் போகும்போது தூங்கிவிடுவேன்.

சந்தைக்கு முந்தின நாள் விடிந்தும் விடியாத நேரம் அத்தா தொழுகைக்குப் போயிருந்தார். செவலையை அவிழ்த்து வெளியே கொண்டுவந்தேன். அது மறுக்காமல் வந்தது. அதற்கே ஆச்சரியமாக இருந்திருக்கும், இத்தனை நாளுக்கு அப்புறம் வெளியே வந்தது. மலை ரோட்டில் இறங்கினோம். பனிமூட்டம். மரங்களிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. நான் அதனிடம் பேசிக்கொண்டே நடந்தேன். சின்னம்மா வீட்டில் என்னென்ன கிடைக்கும் என்று சொன்னேன். அந்தக் கொஞ்ச நேரம் அது கடிக்கவில்லை. என் ஆயுசில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நேரங்கள் ரொம்பக் குறைவு.

பெருமாள்மலைக்கு முன்னால் கால் வலித்தது. ரோட்டோரக் கட்டைச் சுவரில் ஏறி, புண் படாமல் கழுத்துப் பக்கமாக உட்கார்ந்தேன். சிறிது தூரம் போனது. பிறகு என்ன நினைத்ததோ, சுவரோடு சுவராக ஒட்டி நடக்கத் தொடங்கியது. என் கால் கல்லில் உரசியது. முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தோல் உரிந்தது. கத்தினேன். அதற்கு வேண்டியது அதுதான் போலிருக்கிறது. பின்னங்கால்களைத் தூக்கி ஓர் உதறு உதறியது. நான் ரோட்டில் இடது கையை ஊன்றி விழுந்தேன். கைக்குள் ஏதோ மளுக்கென்றது.

செவலை நின்று பார்த்தது. வரும், வந்து முகர்ந்து பார்க்கும், சட்டையைக் கவ்வி எழுப்பும் என்று படுத்தபடியே காத்திருந்தேன். கதையில் அப்படித்தான். அது திரும்பி, வந்த வழியே ஓடியது. லாடச் சத்தம் வளைவைத் தாண்டிக் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை. உருளைக்கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று என்னைத் தாண்டிப் போனது. ஓட்டியவன் ஹாரன் அடித்தான், நிறுத்தவில்லை.

கையை மார்போடு பிடித்துக்கொண்டு மேலே நடந்தேன். பாதி வழியில் அத்தா எதிரே வந்தார். குதிரை தனியாக வீட்டுக்கு வந்ததும் ஓடி வந்திருக்கிறார். முதலில் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். பிறகுதான் கையைப் பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்துக் கட்டினார். என்னைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்.

"எங்க போன?"

"சின்னம்மா வீட்டுக்கு."

"குதிரைய எதுக்குக் கூட்டிட்டுப் போன?"

"காப்பாத்த."

மூச்சு வாங்கிக்கொண்டு நடந்தார். "அது நேரா வந்து வாளிக்குள்ள மூஞ்சிய வுட்டுட்டு நிக்கிது. அதுக்குக் கொள்ளு வேணும். நீ வேணாம். நானும் வேணாம். இது கூடத் தெரியாம இத்தன வருசம் லாயத்துல கெடந்தியா?"

எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். சரியாகச் சேரவில்லை. இன்றைக்கும் அந்த மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது.

மறுநாள் சந்தை முடிந்ததும் வியாபாரி வந்தார். செவலையின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார். பிறகு முதுகுப் புண்ணுக்குள் கட்டை விரலை விட்டு ஆழம் பார்த்தார். செவலையின் நான்கு கால்களும் நடுங்கின. அத்தா இரண்டு கையாலும் அதன் மூக்கைப் பிடித்து அழுத்திக்கொண்டார்.

"எலும்புக்குப் போகல. ரெண்டு மழை தாங்கும்" என்றார் வியாபாரி.

அதை ஓட்டிக்கொண்டு போகும்போது நான் அழவில்லை. பெரும்பாறைக்குத்தானே போகிறது, சின்னம்மா வீட்டுக்குப் போனால் பார்க்கலாம் என்றுகூட நினைத்தேன். திங்கட்கிழமை வகுப்பில் மிஸ் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். "நம்முடைய குதிரை இரட்சிக்கப்பட்டது. இப்போது அது ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நடுவே புல் மேய்கிறது" என்று சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். கட்டுப் போட்ட கையை வைத்துக்கொண்டு தட்ட முடியாததால் நான் பெஞ்சைத் தட்டினேன். அடுத்த வாரம் வேறொரு புத்தகம் தொடங்கினார். அது கப்பலைப் பற்றியது.

அடுத்த வருஷம் மழை விட்ட சமயம் சின்னம்மாவின் மூத்த மகளுக்கு நிக்காஹ். அம்மா முன்னாலேயே போய்விட்டார். அத்தாவும் நானும் அன்று காலை பஸ்ஸில் போய் இறங்கி, தோட்டத்துக்குள் இறங்கும் பாதையில் நடந்தோம். ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் காப்பிச் செடிகள் நிறைந்த சரிவு. ஒரு குதிரை போகும் அகலம்தான் பாதை. கீழேயிருந்து பொதிக் குதிரைகள் ஏறி வந்துகொண்டிருந்தன. நடுவில் ஏதோ அடைத்து எல்லாம் நின்றன.

ஒரு குதிரை விழுந்து கிடந்தது. முன்னங்கால் இரண்டும் மடிந்து, முகவாய் சேற்றில். பொதிக்காரர் அதன் மூட்டைகளை அவிழ்த்து, பின்னால் நின்ற குதிரையின் மூட்டைகளுக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். விழுந்ததன் முதுகெலும்பு வரிசையாகத் தெரிந்தது. முதுகில் இருந்ததைப் புண் என்று சொல்ல முடியாது, குழி. ஈக்கள். இடது காதின் நுனி பிளந்திருந்தது.

"அத்தா, செவல" என்றேன்.

அத்தா பார்த்தார். நன்றாகப் பார்த்தார். "நம்மளுது இல்ல அது. வெரசா நட" என்றார்.

"காதப் பாருங்கத்தா."

"எத்தனையோ குதிரைக்குக் காது பிஞ்சிருக்கும். நேரமாகுது, நட புள்ள."

நான் போகவில்லை. கிட்டே போய் அதன் மூக்குக்கு நேரே கையை நீட்டினேன். அது உதட்டைத் தூக்கியது. பற்கள் என் விரல்களின் மேல் வந்து மூடின. அழுத்தம் இல்லை. என்னை அறிந்து கடித்ததா, யாரோ ஒருவரின் கை என்று கடித்ததா தெரியாது. விரலை நானே மெதுவாக எடுத்துக்கொண்டேன்.

"தள்ளு பாப்பா, ஒதச்சிரும்" என்றார் பொதிக்காரர். அது உதைக்காது என்று அவருக்கும் தெரியும். மற்ற குதிரைகள் அதைத் தாண்ட மறுத்து நின்றன. அவரும் இன்னொருவரும் ஒரு கம்பை அதன் வயிற்றுக்கு அடியில் கொடுத்து நெம்பினார்கள். முதல் தடவை நகரவில்லை.

"கொஞ்சம் கை குடுங்கண்ணே" என்று அத்தாவைக் கூப்பிட்டார்கள்.

அத்தா கையில் இருந்த சீர்ப் பெட்டியை என்னிடம் கொடுத்தார். வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு போய்க் கம்பின் நுனியைப் பிடித்தார். மூன்று பேரும் நெம்பினார்கள். செவலை சரிவில் உருண்டு, இரண்டு காப்பிச் செடிகளை முறித்துக்கொண்டு, மூன்றாவதில் போய்ச் சிக்கி நின்றது. கழுத்து இன்னும் அசைந்தது.

கீழேயிருந்து மேஸ்திரி ஒருவர் கத்தினார். "எவன்டா அது? காய்ப்புல இருக்குற செடிடா! ஒங்கப்பனா வந்து நடுவான்?"

"தானா வுழுந்துருச்சுங்க" என்று பொதிக்காரர் பதிலுக்குக் கத்தினார். குதிரைகளை அதட்டினார். அவை ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டி ஏறிப் போயின. அத்தா ஓடைத் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

கல்யாண வீட்டில் நெய்ச்சோறு. அத்தா எல்லாரோடும் பேசிச் சிரித்தார். இரண்டு தடவை கறி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என்னால் சாப்பிட முடியவில்லை. பஸ்ஸில் வந்தது ஒத்துக்கொள்ளவில்லை என்று சின்னம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தார்.

மறுநாள் காலை மூவரும் ஊருக்குக் கிளம்பினோம். அத்தா வந்த பாதையில் திரும்பாமல், ஓடையைச் சுற்றிப் போகும் வண்டித் தடத்தில் இறங்கினார். அம்மா, "இது எம்புட்டுச் சுத்து! அந்த வழியாப் போனா இந்நேரம் ரோட்டுக்குப் போயிருக்கலாமே" என்றார்.

"அந்தப் பக்கம் வழுக்கும்" என்றார் அத்தா.

அம்மா ரோடு வரும் வரை திட்டிக்கொண்டே வந்தார். அத்தா தலையில் மூட்டையோடு, எங்களுக்கு ரொம்ப தூரம் முன்னால் நடந்துகொண்டிருந்தார்.